நீ ‘தங்க’ வருவதாக எழுதியது பற்றி

டண்டீ,
மே 27, புதன்கிழமை.

அன்புள்ள அக்கா ரோனாவுக்கு,

தம்பி கிரெகர் எழுதுவது. இங்கே நானும் மகள் மோர்வனும் உடம்பளவில் சுகம். அங்கே நியூசிலாந்தில் நீயும் அத்தான் பிரென்ட்டும் குழந்தைகள் ஜோயலும் ஹேசலும் சுகமாகவே இருப்பீர்கள். அந்த ஊரில் சுகமில்லாமல் இருப்பதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. மழை விட்டதும் எழுதலாம் என்று சனிக்கிழமையிலிருந்து காத்திருந்தேன். விடவில்லை. ஆகவே மழையோடேயே எழுதுகிறேன்.

போன் இருக்கும்போது இவன் ஏன் காகிதத்தில் எழுதுகிறான் என்று நீ நினைப்பாய். போனில் சொன்னால் நீ சிரித்துவிடுவாய், அக்கா. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இரண்டு நீல டிக் விழும், அதற்கப்புறம் பதில் வராமல் கழிகிற ஒவ்வொரு நிமிஷமும் நான் செத்துப் பிழைக்க வேண்டும். கடிதம் என்றால் போய்ச் சேரப் பத்து நாள். அந்தப் பத்து நாளும் நீ ‘சரி’ என்று சொல்லிவிட்டதாகவே நினைத்துக்கொண்டு நான் பஸ் ஓட்டலாம். இந்த வருஷத்தில் எனக்குக் கிடைக்கப்போகிற நிம்மதி அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் மாதம் நீ ஒரு செய்தி அனுப்பினாய். “ஜூலைல வந்து நாங்க நாலு பேரும் டண்டீல தங்கலாம்னு இருக்கோம்டா. பசங்களோட இருக்க எந்த ஏரியா நல்லாயிருக்கும்? பள்ளிக்கூட வாசல்ல நிக்கிற அப்பா அம்மாக்களைக் கேட்டுச் சொல்லு.” இவ்வளவுதான் எழுதியிருந்தாய். இதை நான் எப்படிப் புரிந்துகொள்வேன் என்று நீ யோசித்திருக்க வேண்டாமா? நம்ம ஊரில் ‘நீ எங்கே தங்குறே’ என்று கேட்டால் உன் வீடு எங்கே என்று அர்த்தம். எழுபது வருஷம் ஒரே தெருவில் குடும்பம் நடத்தி அங்கேயே கண்ணை மூடியவரைக்கூட ‘அவர் ஹில்டவுனில் தங்கியிருந்தார்’ என்றுதான் சொல்கிறோம். வாழ்கிறோம் என்று சொல்ல நமக்குக் கூச்சம். பதினாறு வருஷம் வெளியே இருந்ததில் உனக்கு அந்த வார்த்தை கெட்டுப்போய், ஓட்டல்காரர்கள் சொல்கிற அர்த்தத்துக்கு வந்துவிட்டது என்று எனக்கு யார் சொன்னார்கள்? நீங்கள் நாலு பேரும் ஒரேயடியாக ஊர் திரும்புகிறீர்கள் என்றுதான் நான் படித்தேன். நான் மட்டுமில்லை, வாசலில் நின்ற அத்தனை பேரும் அப்படித்தான் படித்தார்கள்.

வாசலில் நிற்கிறவர்களை உனக்குத் தெரியாது. மூன்று பேரைத் தெரிந்துகொண்டால் போதும். ஒருத்தி டெனிஸ். இரண்டு வருஷம் முன்னால் பக்கத்துக் கடலோர ஊர் மோனிஃபீத்துக்கு வீடு மாறிப் போனவள். மூத்த பையன் கடைசி வகுப்பை இங்கேயே முடிக்கட்டும் என்று தினமும் காரில் கொண்டுவந்து விடுகிறாள். இளையது இரட்டைப் பிள்ளைகள், மோர்வன் வயசு, அதுகள் மோனிஃபீத் பள்ளியில். அடுத்தவன் சாண்டி, பாய்லர் ரிப்பேர்காரன், பிறந்தது ஆர்ப்ரோத். வாயைத் திறந்தால் ‘ஆர்ப்ரோத்துல எல்லாம்’ என்றுதான் ஆரம்பிப்பான். மூன்றாவது பெற்றோர் குழுத் தலைவி லோர்னா. அவள் கையில் எப்போதும் ஒரு பட்டியல் இருக்கும். உன் செய்தி வந்தபோது பள்ளி விட இன்னும் ஐந்து நிமிஷம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சத்தமாகப் படித்தேன்.

லோர்னா பட்டியலை எடுத்து விரலால் எண்ணினாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள்.

அவள் ஏன் அழுதாள் என்பதைச் சொன்னால்தான் நான் ஏன் எழுதுகிறேன் என்பது உனக்குப் புரியும். மோர்வன் வகுப்பில் பதினாறு பிள்ளைகள். ஆகஸ்ட்டில் மூன்றாம் வகுப்புக்குப் போகிறார்கள். பதினெட்டுப் பேர் இருந்தால்தான் தனி வகுப்பு, தனி டீச்சர் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். இல்லையென்றால் பிறந்த தேதிப்படி வகுப்பை நடுவில் வெட்டி, பெரியவர்களை நாலாம் வகுப்போடும் சின்னவர்களை இரண்டாம் வகுப்போடும் சேர்த்துவிடுவார்களாம். மோர்வன் டிசம்பரில் பிறந்தவள், அவளுடைய ஒரே சிநேகிதி ஐல்சா அதற்கு முந்தின மே மாதம். ஐல்சா மேலே போவாள், மோர்வன் கீழே உட்கார்ந்து போன வருஷத்துப் பாடத்தையே திரும்பப் படிப்பாள். இதைக் கேள்விப்பட்டதும் மோர்வனின் அம்மா கத்ரீனா போன் செய்தாள். என்னை விட்டுப் போனவள் இப்போது ஒரு மணி நேரம் தள்ளி ஸ்டோன்ஹேவனில் அந்தப் பல் டாக்டரோடு தங்குகிறாள், நம்ம ஊர் அர்த்தத்தில். “வகுப்பு உடைஞ்சா அவ அங்க இருந்து என்ன பண்ணப் போறா, கிரெகர்? ஆகஸ்ட்லேர்ந்து இங்க படிக்கட்டும். வார இறுதில உங்கிட்ட வரட்டும்” என்றாள். இப்போது வாரநாள் எனக்கு, வார இறுதி அவளுக்கு. அதைத் தலைகீழாக்கிவிடலாம் என்று ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். நான் பஸ் ஓட்டுகிறவன், முக்கால்வாசி வார இறுதி எனக்கு வேலை. கணக்குப் போட்டுப் பார். என் பெண்ணை நான் எப்போது பார்ப்பேன்?

பதினாறோடு இரண்டைக் கூட்டினால் பதினெட்டு. உன் இரண்டு பிள்ளைகளும் எங்களுக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தார்கள்.

அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு இன்னும் ஓயவில்லை. நீங்கள் எந்தப் பக்கம் வீடு பார்ப்பது என்பதில் வாசல் மூன்றாகப் பிரிந்துபோயிற்று. டெனிஸ் சொன்னாள்: “மோனிஃபீத்தை விட்டா வேற எங்கப்பா? காலைல ஜன்னலைத் திறந்தா கடலு. பசங்க மணல்லயே வளருதுங்க.” சாண்டி விடவில்லை: “ஆமா, மணல் சோத்துலயும் இருக்கும், படுக்கையிலயும் இருக்கும். ஆர்ப்ரோத்துல எல்லாம் கடலு கடலு மாதிரி இருக்கும், மீனு மீனு மாதிரி இருக்கும்.” “அப்ப ஏன்டா இங்க வந்து நனையுறே? போறதுதானே அங்கயே?” “எம் பொண்டாட்டி இந்த ஊரு. நான் கைதி.” லோர்னாவுக்கு நகரத்தை விட்டு வெளியே எதுவும் பிடிக்காது. “ஃபோர்ஃபர்ல கேட்டுப் பாருங்களேன், ஒரு பல்லு புடுங்கணும்னாலும் இங்கதான் பஸ் ஏறி வரணும்.” பல் என்றதும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்புறம் மெதுவாகப் பேச்சை மாற்றினார்கள். நான் அழாமல் இருந்ததற்கு மழைதான் காரணம், அழுதிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரே நாளில் இருநூற்று நாற்பது செய்தி. கார்னூஸ்டியில் கோல்ஃப் பந்து வந்து குழந்தை வண்டியில் விழுந்த கதையை ஒருத்தி எழுத, கார்னூஸ்டிக்காரர்கள் மூன்று பேர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். ஊரின் ஓரத்தில் ஃபெரி பக்கம் இருக்கிறவர்கள் தங்களை டண்டீ என்று ஒத்துக்கொள்வதே இல்லை என்று யாரோ கிளப்பிவிட, அது ராத்திரிச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் ஓடியது. மறுநாள் ‘டண்டீ பெற்றோர், அமைதியானவர்கள்’ என்று ஒரு தனிக் குழு முளைத்தது. அங்கே இன்னும் மோசமான சண்டை. இத்தனைக்கும் நடுவில் ஒரு பாவப்பட்ட அம்மா, ஊஞ்சல் பூங்காவில் போன வருஷம் கழற்றிக்கொண்டு போன ஊஞ்சலை எப்போது திரும்ப மாட்டுவார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்குக் கடைசிவரை யாரும் பதில் சொல்லவில்லை.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் டெனிஸ் என் வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடித்தாள். உங்களுக்காக ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறாளாம். என்னையும் மோர்வனையும் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனாள். நாலு ரவுண்டானா தாண்டுவதற்குள் கடல் பக்கமிருந்து மூடுபனி ஏறி வந்துவிட்டது. உனக்கு ஞாபகம் இருக்கும், நீட்டின கை தெரியாது. வீட்டு முன்னால் நிறுத்திவிட்டு, “பாரு, கிரெகர், பாரு. இதுக்கு மேல என்ன வேணும் உங்கக்காவுக்கு?” என்றாள். முன்னால் வெள்ளையாக அகலமாக ஏதோ தெரிந்தது. நானும் மரியாதைக்கு, “அடேயப்பா, கடல் இவ்வளவு பக்கத்துலயா” என்றேன். மோர்வன் என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். “அப்பா, அது கராஜ் கதவு.” டெனிஸ் திரும்பி வருகிற வழியெல்லாம் ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். அடுத்த வாரம் சாண்டி விடுவானா? ஆர்ப்ரோத்துக்குக் கூட்டிப்போனான். அங்கே வெயில் அடித்தது, அதை அவனே எதிர்பார்க்கவில்லை. நல்ல சகுனம் என்று சொல்லி அரை டஜன் புகை போட்ட மீன் வாங்கிப் பின் ஸீட்டுக்கு அடியில் வைத்தான். வைத்ததை மறந்தும்போனான். அந்தக் காரில் இப்போது அவன் பெண்டாட்டி ஏறுவதில்லை, அதற்கும் உன் பெயரைத்தான் சொல்கிறாள்.

நான் என்னவெல்லாம் செய்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பள்ளி அலுவலகத்தில் போய் ஜோயல், ஹேசல் இருவர் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். “எங்கே தங்குவாங்க?” என்று அந்தம்மா கேட்டாள். “வீடு கிடைக்கிறவரைக்கும் என்கூட” என்றேன். பிறந்த தேதி எனக்குத் தெரியாது, கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பின படத்தைப் பார்த்து உயரத்தை வைத்து ஒரு தேதி போட்டேன். ஹேசலுக்கு மூன்றாம் வகுப்பு வயசு வர இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது என்று பிறகுதான் உறைத்தது. அவளை வளர்த்தியான பெண் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பஸ்ஸில் ஏறினவர்களிடமெல்லாம் சொன்னேன். அக்கா வருகிறாள், பதினாறு வருஷம் கழித்து வருகிறாள், தங்குவதற்கே வருகிறாள் என்று. தினமும் வருகிற ஒரு கிழவி, “அங்கேருந்து இங்க வர்றாங்களா? தானாவா?” என்று கேட்டாள். நல்லவேளை, அதற்குள் அவள் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது.

அப்புறம் கட்டில். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிற கட்டில் ஒன்று வாங்கினேன். அது என் வீட்டில் மோர்வன் அறையில் மட்டும்தான் அடங்கும். அவளுடைய கட்டிலைக் கழற்றி, ஹாலுக்குப் பக்கத்தில் பெட்டிகள் போட்டு வைத்திருந்த சின்ன அறையில் மாட்டினேன். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது, உனக்குத் தெரியும். ஈஸ்டர் விடுமுறையில் ஒரு முழு புதன்கிழமை திருப்புளியும் கையுமாக, பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்தேன். மோர்வன் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “அவங்க இங்க தங்கினா, நான் எங்கப்பா தங்குறது?” என்றாள். “அதான் அந்த ரூம் இருக்கேடா கண்ணு, குகை மாதிரி ஜாலியா இருக்கும்” என்றேன். அவள் சரி என்று சொல்லிவிட்டுப் போய் அந்த அறையில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். நான் பாடிக்கொண்டே இருந்தேன். அதை நினைத்தால் இப்போது என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பள்ளியில் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். கோட் மாட்டுகிற கொக்கிகளில் இரண்டுக்கு மேலே உன் பிள்ளைகளின் பெயரை ஒட்டியிருக்கிறார்கள். பதினாறு பிள்ளைகளும் ஆளுக்கொரு நியூசிலாந்துக் கிவிப் பறவை வரைந்து ஜன்னல் முழுக்க வைத்திருக்கிறார்கள். மோர்வன் வரைந்ததற்குக் கால் மட்டும் ரொம்ப நீளம். நியூசிலாந்தில் குளிர்கோட்டே இருக்காது என்று லோர்னா எப்படியோ முடிவு கட்டி, வீடு வீடாகப் பழைய கோட்டு வசூல் செய்கிறாள்.

இந்த நிலைமையில்தான் போன செவ்வாய்க்கிழமை அத்தான் டிக்கெட் படத்தை அனுப்பினார். வருவது ஜூலை பதினெட்டு. திரும்புவது ஆகஸ்ட் ஒன்று. கீழே ஒரு கட்டைவிரல் படம். ‘ரெண்டு வாரம் ஜாலியா தங்கிட்டுப் போறோம் மாப்ளே’ என்று ஒரு வரி. டிப்போவில் பஸ்ஸை நிறுத்திவிட்டுப் படித்தேன். திருப்பித் திருப்பிப் படித்தேன். தலையில் கல்லைத் தூக்கிப் போட்ட மாதிரி இருந்தது. அடுத்த டிரைவர் வந்து கண்ணாடியைத் தட்டி, “கிரெகர், இறங்குறியா, இல்ல நீயும் இதுலயே தங்கப் போறியா?” என்று கேட்கிறவரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாளே உண்மையைச் சொல்லிவிடுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். சத்தியமாகச் சொல்லத்தான் போனேன். போனதும் லோர்னா என் இரண்டு கையிலும் பதினோரு கோட்டைக் கொண்டுவந்து அடுக்கினாள். முகத்துக்கு மேலே கோட்டு. அதற்குள்ளிருந்து, “அவங்க வர்றது கொஞ்சம் தாமதமாகும் போலிருக்கு” என்றேன். டெனிஸ் குரல் மட்டும் கேட்டது: “தாமதம்னா?” “அத்தானுக்கு முதுகு” என்றுவிட்டேன். “முதுகுக்கு என்ன?” “பிடிச்சுக்கிச்சு.” அவ்வளவுதான். அன்று சாயங்காலம் சாண்டி முதுகுவலித் தைலம் கொண்டுவந்து கொடுத்தான், அவன் அப்பா கப்பலில் வேலை செய்தபோது தேய்த்துக்கொண்டதாம். பாட்டில் என்னிடம் இருக்கிறது. அத்தான் ஜூலையில் வரும்போது பள்ளிப் பக்கம் போனால் தயவுசெய்து கொஞ்சம் குனிந்தே நடக்கச் சொல்.

இனி நான் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன், அக்கா. ரெண்டு வாரத்துக்கு வராதே. தங்க வா. நம்ம ஊர் அர்த்தத்தில். பெயர்ப் பட்டியலை ஜூன் பன்னிரண்டாம் தேதி மூடுகிறார்கள். அதற்குள் நீ ஒரு வார்த்தை சொன்னால் வகுப்பு பிழைக்கும், மோர்வன் என்னிடம் இருப்பாள். உன் நர்ஸ் வேலைக்கு இங்கேயும் ஆள் தேடிக்கொண்டேதான் இருக்கிறார்கள். உன்னை ஏமாற்றி வரவழைக்க எனக்கு மனசில்லை, ஆகவே ஊரைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். மழையைப் பற்றி எழுதவேண்டியதில்லை, இந்தக் காகிதத்தைத் தொட்டாலே தெரியும். முர்ரேகேட்டில் நீ ஷூ வாங்கின கடை இல்லை, அதற்கு அப்புறம் வந்த கடையும் இல்லை. குளிர்காலத்தில் மூன்றரை மணிக்கே விளக்குப் போடவேண்டும் என்பதை நீ மறந்திருப்பாய், உன் பிள்ளைகள் அதைப் பார்த்தால் உலகம் முடிந்துவிட்டது என்று நினைப்பார்கள். அப்பா கடைசியாகச் சாப்பிடக் கேட்ட அந்தக் கறி அடைத்துச் சுட்ட ‘பை’ விற்கிற கடை மட்டும் அப்படியே இருக்கிறது, ஆனால் இப்போது உப்புக் குறைவு. நல்லதாக ஏதாவது ஒன்று எழுதவேண்டும் என்று கால் மணி நேரமாக யோசிக்கிறேன். பள்ளி வாசலில் நாலு பேர் நிற்கிறார்கள், அக்கா. உன்னை ஒருதடவைகூடப் பார்க்காமல் உனக்காக இரண்டு மாதமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்குத் தோன்றுகிறது அதுதான்.

கத்ரீனா போனதிலிருந்து நான் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. உன்னிடமும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கத்தையும், அவருடைய முதுகுக்கு என் மன்னிப்பையும் சொல். ஜோயலுக்கும் வளர்த்தியான பெண் ஹேசலுக்கும் மாமாவின் முத்தங்கள். சளியும் காய்ச்சலும் உங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப்பார்க்காமல் இருக்கட்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அன்புத் தம்பி,
கிரெகர்

பின்குறிப்பு: ஜூன் 2, செவ்வாய். இந்தக் கடிதம் ஆறு நாளாக என் கோட்டுப் பையிலேயே கிடக்கிறது. தபால் பெட்டியைத் தாண்டித் தாண்டிப் போனேன், போட மனசு வரவில்லை. மேலே எழுதினது எதுவும் இப்போது செல்லாது.

நேற்று வாசலில் உண்மையைச் சொல்லிவிட்டேன். சாண்டிதான் முதலில், “ரெண்டு வாரமாடா? அதுக்காடா என் காரு நாறுது?” என்றான். லோர்னா பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். டெனிஸ் பின்னாலேயே ஓடி வந்தாள். திட்டத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

“என் ரெட்டைங்களை இங்க சேர்க்கலாம்னு பாக்கறேன்” என்றாள். “அப்ப மோனிஃபீத்து?” என்றேன். “மோனிஃபீத்துல கடல் இருக்குப்பா. ஆனா அந்தப் பள்ளிக்கூட வாசல்ல யாரும் பேச மாட்டேங்கிறாங்க. கார்க் கண்ணாடியை ஏத்திவிட்டுட்டு உக்காந்திருக்காங்க. பெரியவன் படிப்பு இந்த மாசத்தோட முடியுது, அதுக்கப்புறம் நான் யார்கூடச் சண்டை போடறது?” முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “யார்கிட்டயும் சொல்லாதே. மணல் ஒத்துக்கலைன்னு சொல்லிக்கிறேன்.” இன்று காலையில் எழுதிக் கொடுத்துவிட்டாள். உன் பிள்ளைகள் பெயரை அடித்துவிட்டு அந்த இரண்டையும் எழுதினார்கள். பதினெட்டு.

உடனே கத்ரீனாவைக் கூப்பிட்டேன். வகுப்பு பிழைத்துவிட்டது என்று கத்தினேன். “சந்தோஷம் கிரெகர். ஆனா போன வியாழக்கிழமையே இங்க பேர் குடுத்தாச்சு. அவதான் கேட்டா. நானா கேக்கல” என்றாள்.

பள்ளி விட்டதும் மோர்வனைக் கேட்டேன். ஊஞ்சல் பூங்காவில், ஊஞ்சல் இல்லாத கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அந்த ரூம் பிடிக்கலைன்னு உங்ககிட்ட சொல்லலாம்னுதான் இருந்தேம்பா. அம்மா போனதுக்கப்புறம் நீங்க பாடி நான் கேட்டதே இல்ல. அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. அதான் சொல்லல” என்றாள். சாயங்காலமே அந்த அடுக்குக் கட்டிலைப் பிரித்து, அவள் கட்டிலை அவள் அறையிலேயே போட்டுவிட்டேன். உதவிக்குத் திருகாணி எடுத்துக் கொடுத்தாள். ஆனால் ஸ்டோன்ஹேவன் போவதில்லை என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மோர்வன் போனால் வகுப்பில் பதினேழு. லோர்னா எண்ணிப் பார்த்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். “உங்கக்காகிட்ட ஒரு பிள்ளை போதும்னு எழுதிப் பாரு. பெரியவனை மட்டும் விட்டுட்டுப் போகச் சொல்லு” என்று டெனிஸ் சொல்கிறாள். அவள் எழுதச் சொன்னதால் எழுதிவிட்டேன், நீ கண்டுகொள்ளாதே. வேலையை விடாதே, வீட்டை விற்காதே, பிள்ளைகளை எங்கேயும் சேர்க்காதே. ஜூலை பதினெட்டு ரயில் எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல். நீ வந்து இனிமேல் எனக்கு ஆகப்போகிறது ஒன்றுமில்லை, அக்கா. ரெண்டு வாரமானாலும் சரி, வா.